பெரிய கம்பனில ட்ரெய்லர் ஓடப் போறது நல்லமா? ஓடினவங்க சொல்லுங்க

திருக்கோவில் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருக்கோவில் பக்கம், வயசு 29. ஹெவி லைசன் எடுத்து அஞ்சு வருசமாகுது, இப்ப மாமாட ஆறு சில்லு லொறி ஓடுறன். பெரும்போக அறுவடை நேரம் மாசி பங்குனில நம்மட வயல் வட்டைகள்ல இருந்து நெல்லு ஏத்திக்கிட்டு பொலன்னறுவை மில்லுகளுக்கு ராப்பகலா ஓட்டம். அது முடிஞ்சா சிமெந்து, கல்லு, ஆராவது வீடு மாறினா கட்டில் அலுமாரி எண்டு எது கிடைச்சாலும் ஏத்துறது, ஒண்டும் கிடைக்காட்டி லொறி வளவுக்க வேப்பமரத்துக்குக் கீழ நிக்கும், நான் லொறிக்குக் கீழ படுத்திருப்பன். லீசிங் மட்டும் மாசம் தவறாம வருது.

இப்ப ஒரு ஏஜென்சிக்காரர் சவூதில பெரிய ட்ரான்ஸ்போட் கம்பனி எண்டு சொல்லி ட்ரெய்லர் ஓட ஆள் எடுக்கிறார். பேசிக் சம்பளம், அதுக்கு மேல ட்ரிப் காசு, தங்கிற இடம் ஃப்ரீ எண்டு சொல்றார். கனடால இருக்கிற மச்சான் என்னண்டா "சவூதிக்குப் போகாத, இங்க வாற வழியப் பாரு, இங்க ட்ரக் ஓடுறவன் தான் வீடு வாங்கிறான்" எண்டு வொய்ஸ் போடுறான். ரெண்டு பேர்ட கதையையும் கேட்டா நாளைக்கே வெளிக்கிடலாம் போல இருக்கும், ஆனா ரெண்டு பேரும் நல்லத மட்டும்தான் சொல்றாங்க, அதான் யோசனை.

பெரிய கம்பனில ஓடுறது எண்டா உண்மைல எப்படி? காசு சொன்ன மாதிரி வருமா? படுக்க விடுவானா? ஆறு சில்லு ஓடினவனுக்கு நாப்பதடிக் கொன்டெய்னர் பெட்டி பிடிபடுமா? ஓடினவங்க மட்டும் சொல்லுங்க, யூரியூப் பாத்தவங்க வேணாம் 🙏

சம்மாந்துறைக் காக்கா:

தம்பி நான் சவூதில ஏழு வருசம் ட்ரெய்லர் ஓடிட்டு வந்தவன். இப்ப ஊர்ல சின்னக் கடை ஒண்டு வெச்சிரிக்கன், அதால கம்பனிக்குப் பயமில்லாம எழுதலாம்.

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்றன். பெட்டி பிடிபடும், ஆனா உங்கட அஞ்சு வருசம் அங்க முதல் மாசம் உதவாது. நம்ம நாட்டுல றோட்டுட இடப்பக்கம், அங்க வலப்பக்கம். முன்னுக்குப் போறது ரெண்டு நாள்ல பழகிரும், ரவுண்டபோட்டுல தான் கை தானா பழைய பக்கம் கிறுக்கும். பின்னுக்கு எடுக்கிறது தான் மனிசனக் கொல்ற வேல. ஸ்டியரிங்க வலத்தால கிறுக்கினா பெட்டி இடத்தால போகும். ரியாதுல ஒரு கிடங்கு வாசல்ல நான் முக்கால் மணித்தியாலம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துக்கிட்டு நிண்டன், கடைசில ஒரு பட்டாணி, அதான் பதான் ட்றைவர் இறங்கி வந்து என்னைய பக்கத்து சீட்டுல இருத்திப் போட்டு ஒரே எடுப்புல விட்டான். அவன் தான் புறகு எனக்கு உஸ்தாத். கயிறு கட்டுறது, படங்கு இழுக்கிறது, வெயிலுக்க டயர் சூட்டக் கைவெச்சுப் பாக்கிறது எல்லாம் அவன்ட பாடம். கம்பனி ஒண்டும் படிச்சித் தரல்ல, சாவியைத் தந்தாங்க அவ்வளவுதான்.

ஓட்டம் தம்மாம் துறைமுகத்தில ஏத்தி ரியாதுக்கு, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். கல்முனையில இருந்து கொழும்புக்குப் போறதும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனா நம்மட பாதையில மன்னம்பிட்டி வெலிக்கந்தப் பக்கம் யானை வரும், சந்திக்குச் சந்தி ஆள் குறுக்க வரும், கண் முழிச்சே கிடக்கும். அங்க றோட்டு நூல் பிடிச்ச மாதிரி நேரா, ரெண்டு பக்கமும் மணல், அதனால தான் நித்திரை வரும். எதிர்ல இருக்கிறது ஒட்டகம் தான், அதுவும் இரவுல கிட்டப் போகுமட்டும் தெரியாது.

இப்ப காசுக் கதைக்கு வாறன், இதை வடிவா வாசிங்க. ட்ரிப் காசு எண்டா என்ன? சாமான் ஏத்தி, கொண்டு போய், இறக்கி, கையெழுத்து வாங்கினா ஒரு ட்ரிப். இடையில நீங்க நிக்கிற நேரம் ஒண்டும் கணக்கில்ல. துறைமுகத்தில பேப்பர் பிந்தினா நிக்கணும். பகல்ல லொறிகளை டவுணுக்குள்ள விடாத நேரம் இரிக்கி, வெளில நிக்கணும். எமிரேட்ஸ் பக்கம் போற ஓட்டம் எண்டா பத்ஹா போடர், லைன் நீண்டா ஒரு நாள் ரெண்டு நாள் லொறிக்குள்ளயே சமையல், லொறிக்குள்ளயே தொழுக. ஏசி இல்லாம படுக்க ஏலாது, எஞ்சினைப் போட்டு வெச்சா டீசல் கூடிட்டெண்டு சம்பளத்துல வெட்டு. எனக்கு ஒரு மாசம் பதினொரு நாள் நிண்டே போச்சு. பேசிக்க மட்டும் வெச்சிக்கிட்டு வீட்டுக்கு என்னத்த அனுப்பிற?

ஏஜென்சிக்காரன்ட்ட சம்பளம் எவ்வளவு எண்டு கேக்காதீங்க, லொறி நிக்கிற நாளுக்கு என்ன தருவீங்க எண்டு கேளுங்க. ஸ்பீட் கமராவில விழுந்தா ஆர் கட்டுற, டயர் வெடிச்சா ஆர்ட தலையில, ஆள்ச்சேதம் வந்தா இன்சூரன்ஸ் முழுசா இரிக்கா. கடைசி விசயம் பெரிய விசயம், அங்க மனிசன் செத்தா இரத்தப்பணம் எண்டு ஒண்டிரிக்கி, இன்சூரன்ஸ் இல்லாட்டி வழக்கு முடியுமட்டும் ட்றைவர் உள்ள கிடக்க வேண்டியும் வரும். இகாமா, அதான் அங்க தங்கிற அனுமதி அட்டை, அந்தச் செலவு அந்த நாட்டுச் சட்டப்படி முதலாளிட பொறுப்பு, அதை உங்கள்ட்ட வெட்டினா பேசலாம். கொழும்பில ஒரு அக்ரிமென்ட், அங்க இறங்கினவுடன இன்னொரு அக்ரிமென்ட் நீட்டினா கையெழுத்து வெக்காதீங்க எண்டு சொல்லலாம் தான், ஆனா இறங்கினவன் என்ன செய்வான், நானும் வெச்சவன் தான்.

நல்லதும் சொல்லணும். லொறி பழுதாகி நடு வனாந்திரத்தில நிண்டா கம்பனி வேன் மெக்கானிக்கோட வரும், இங்க மாதிரி நாமளே அடியில படுக்கத் தேவல்ல. சம்பளம் வெட்டோட எண்டாலும் திகதிக்கு வந்திச்சி. என்ட வீட்டுக் கூரை அந்தக் காசு தான், மறுக்கல்ல.

செங்கலடிச் சந்தி:

ஏன் எல்லாரும் கடல் தாண்டியே யோசிக்கிறீங்க. நான் கொழும்பில கொன்டெய்னர் கம்பனி ஒண்டில ப்ரைம்மூவர், அதான் ட்ரெய்லர் இழுக்கிற தலை, ஓடுறன், நாலு வருசம். ஒருகொடவத்தப் பக்கம் யாட், துறைமுகத்தில ஏத்திறது, கட்டுநாயக்க பியகம சோன்களுக்குக் கொண்டு போறது. நிக்கிற கதை இங்கயும் அதேதான் காக்கா, கேட்டில லைன், கஸ்டம்ஸ்ல லைன், கெபினுக்க நுளம்புத்திரி கொளுத்திப் போட்டுப் படுக்கிறது, ஓட்டம் அடிச்சாத் தான் காசு.

ஆனா தம்பிக்கு ஒரு விசயம், உங்கட லைசன்ல சீஈ (CE) எண்ட வகை இருக்கா பாருங்க. சீ மட்டும் இருந்தா தனி லொறி தான், ட்ரெய்லர் இழுக்க சீஈ வேணும். அது இல்லாம சவூதி ட்ரெய்லர் வேல எண்டு எவனும் பாஸ்போட் கேட்டா அவனுக்கு உங்கட வேலையில அக்கறை இல்ல, உங்கட காசுல தான் அக்கறை. முதல்ல இங்க ஒண்டரை வருசம் பெட்டி இழுத்துப் பழகுங்க, கைப்பழக்கமும் வரும் கம்பனி எண்டா என்னண்டும் விளங்கும்.

இன்னொண்டு, சம்பளச் சீட்டுல ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கா எண்டு முதல் மாசமே பாருங்க. உங்கட பங்கு 8 வீதம், கம்பனி 12 வீதம், அதுக்கு மேல ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கம்பனி கட்டணும். பேசிக்க சின்னதாக் காட்டிட்டு மிச்சத்த ட்ரிப் காசு எண்டு போடுவாங்க, ஈபிஎஃப் குறையத்தான் அந்த விளையாட்டு. மாமாட லொறியில இதுவும் இல்ல தானே, கோவிக்காதீங்க 😄

திருக்கோவில் பொடியன்:

செங்கலடி அண்ணே மாமா இந்தக் குரூப்புல இல்ல, தப்பினீங்க. லைசன்ல சீ மட்டும்தான் கிடக்கு, ஏஜென்சிக்காரர் லைசன் கொப்பி வாங்கிப் பாத்தவர், ஒண்டும் சொல்லல்ல. கனடாப் பக்கம் ஆரும் இருக்கீங்களா?

கல்லடிப் பாலத்தடி:

இருக்கன் மனே. கல்லடி ஊர், இப்ப பிரம்டன், எட்டு வருசமா ட்ரக். வேலைக்கு இடையில இறங்கி நிக்கிறன், ஒரு கிடங்கு வாசல்ல மூண்டு மணித்தியாலமா, அதால நீளமா எழுதலாம்.

மச்சான் சொன்னதுல அரைவாசி சரி. முதல்ல லைசன். இலங்கை ஹெவி லைசனை மாத்தி இங்க ட்ரக் லைசன் தரமாட்டாங்க. முதல்ல கார் லைசன் எடுத்து, புறகு எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில ஏஸெட் எண்டு சொல்றத எடுக்கணும், ஏ ட்ரெய்லருக்கு, ஸெட் எயார் பிரேக்குக்கு. 2017 ஜூலைல இருந்து குறைஞ்சது 103.5 மணித்தியாலம் ட்ரெயினிங் கட்டாயம், கைக்காசு கட்டித்தான் படிக்கணும். ஒட்டோ கியர் லொறியில டெஸ்ட் குடுத்தா மெனுவல் ஓட விடமாட்டாங்க, அதையும் பள்ளிக்கூடக்காரன் சேரக்குள்ள சொல்லமாட்டான். பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைச்சாலும் பாஸ்போட் இலங்கை எண்டா அமெரிக்கா போக விசா வேணும், அது இல்லாட்டி அரைவாசி ஓட்டம் கை விட்டுப் போகும்.

புதுசா லைசன் எடுத்தவன சின்னக் கம்பனிக்காரன் எடுக்கமாட்டான், இன்சூரன்ஸ்காரன் ரெண்டு மூண்டு வருச அனுபவம் கேப்பான். அதால நம்மள மாதிரி ஆக்கள் முதல்ல போய் விழுறது ஆயிரக்கணக்கில ட்ரக் வெச்சிருக்கிற பெரிய கம்பனிலதான். அங்க போனா ட்ரக் புதுசு, எல்லாம் சுத்தம், சரியான மரியாதை, ரெண்டு மூண்டு நாள் கிளாஸ்ல இருத்தி வீடியோ காட்டுவாங்க, புறகு ஒரு ட்ரெயினரோட சில கிழமை. இது வரைக்கும் நல்லம். அதுக்குப் புறகு நீ ஒரு நம்பர். ஓட்டம் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்பச்சில இருக்கிறவ என்ர முகத்தை இத்தனை வருசத்தில ரெண்டு தரம்தான் பாத்திருக்கிறா, ட்ரக் நம்பரைச் சொன்னாத்தான் ஆளத் தெரியும்.

உன்ன ஓட்டுறது டிஸ்பச் கூட இல்ல, டாஷ்போட்டுல பூட்டியிருக்கிற பெட்டி. ஓடுற நேரம் நிக்கிற நேரம் எல்லாத்தையும் அதுதான் எழுதும், முந்தி பேப்பர்ல கள்ளக்கணக்கு எழுதின காலம் போய்ட்டு, கனடால 2023 ஜனவரில இருந்து அந்தப் பெட்டி இல்லாட்டி தண்டம். இங்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் ஓடலாம், அமெரிக்காக்குள்ள போனா 11 தான், அதுவும் வேலை துவங்கி 14 மணித்தியாலத்துக்குள்ள. இதுல சூட்சுமம் என்னண்டா அந்த 14 ஓடத் துவங்கினா நிக்காது, நீ கிடங்கு வாசல்ல லொறியை நிப்பாட்டிட்டுத் தேத்தண்ணி குடிச்சாலும் அது ஓடும். இப்ப எனக்கு ஓடிக்கிட்டிருக்கு பாரு. இவன் இன்னும் ஒரு மணித்தியாலம் இழுத்தா நான் இண்டைக்கு நினைச்ச இடத்துக்குப் போகமாட்டன், நடு றோட்டுப் பக்கம் எங்கயாவது பார்க்கிங் தேடிப் படுக்கணும், ராவு ஒன்பது மணிக்கு மேல ட்ரக் ஸ்டொப்புல இடம் கிடைக்கிறது மாமாங்கத் தீர்த்தத்தண்டைக்கு கோயில் வாசல்ல பைக் விட இடம் தேடுற மாதிரி.

காசு மைலுக்கு. சில்லு சுத்தினா காசு, சுத்தாட்டி இல்ல. காக்கா சொன்ன அதே கதை தான், என்ன, இங்க ஏசி இருக்கு ஹீட்டர் இருக்கு. பெரிய கம்பனிகள்ல ரெண்டு மணித்தியாலம் தாண்டினா நிக்கிறதுக்குக் கொஞ்சம் தருவாங்க, அந்த முதல் ரெண்டு மணித்தியாலம் நீ சும்மா. மைலும் மீட்டர்ல உள்ளது இல்ல, கம்பனி மெப்புல உள்ளது. ஸ்னோ கொட்டி 401 ஹைவேல நாப்பதுல ஊர்ந்து போனாலும் அதே காசு தான், முதுகு தான் கூட நோகும். வேகமா ஓடிப் பிடிக்கலாம் எண்டும் இல்ல, ஒன்ராறியோல ட்ரக் எல்லாம் 105 கிலோமீட்டருக்கு மேல போகாம பூட்டிப்போட்டுத்தான் இருக்கும்.

கமரா ஒண்டு றோட்டப் பாக்கும், ஒண்டு உன்ர முகத்தப் பாக்கும். கொட்டாவி விட்டா சத்தம் போடும். எனக்கு ஒரு தரம் சேஃப்டி ஒஃபீஸ்ல இருந்து கோல் வந்தது, பயந்து போனன், என்னண்டு பாத்தா எனக்குப் புறகு அதே ட்ரக் எடுத்தவன் மணக்குது எண்டு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கிறான். ஊர்ல இருந்து அம்மா அனுப்பின நெத்தலிக் கருவாட்டைக் கெபினுக்க சின்னக் குக்கர்ல வெச்சுச் சமைச்சிட்டன். அதுக்கும் ஒரு ஃபோர்ம் நிரப்பினன்.

பெரிய கம்பனில எனக்குப் பிடிச்சது ஒண்டு, பிரேக் சரியில்ல எண்டு சொல்லி எடுக்க மாட்டன் எண்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. நிறையும் அப்படித்தான், அமெரிக்கால ட்ரக், பெட்டி, சாமான் எல்லாம் சேத்து 80,000 இறாத்தல், தராசு ஸ்டேஷன்ல ஏத்திப் பாப்பான், கூடினா நகர ஏலாது. ஊர்ல டிப்பருக்கு மேல டிப்பர் மண் ஏத்தினது ஞாபகம் வரும்.

அனுபவம் வந்த புறகு நம்மட ஆக்கள், பக்கத்து நாட்டு ஆக்கள்ற சின்னக் கம்பனிகள் கூப்பிடும், மைலுக்குக் கூடத் தாறன், நீ உன்ர பேர்ல ஒரு கம்பனி பதிஞ்சிட்டு வா எண்டு. நான் போனன், ஒண்டரை வருசம். கைக்கு காசு கூட வந்த மாதிரித்தான் இருந்தது. லீவுக் காசு இல்ல, வேலை போனா அரசாங்கம் தாறது இல்ல, கால் பிரண்டு ஆறு கிழமை படுத்தன், ஒரு சதம் இல்ல. கடைசி ரெண்டு ட்ரிப்புக் காசு இன்னும் வரல்ல. திரும்பப் பெரிய கம்பனிக்கே வந்துட்டன், நம்பராவே இருந்துட்டுப் போறன்.

சரி பச்சை லைட் விழுந்திட்டு, பெட்டியை எடுக்கணும். மூண்டு மணித்தியாலம் இருபது நிமிசம்.

ஏறாவூர்த் தாத்தா:

ட்றைவர்மார் மட்டும் எழுதச் சொன்னீங்க, நான் ட்றைவர்ட பொஞ்சாதி (தாத்தா எண்டா எங்கட பக்கம் அக்கா). எங்கட இவர் கத்தார்ல கட்டட சாமான் ஏத்திற ட்ரெய்லர் ஓடினவர். நான் ஒரு சீஆர் கொப்பியில மாசா மாசம் எழுதி வெச்ச, ஒரு பக்கம் போகக்குள்ள சொன்ன காசு, மறுபக்கம் வந்த காசு. முதல் வருசம் பன்னெண்டு மாசத்தில சொன்ன காசு முழுசா வந்தது நாலு மாசம். அந்த நாலும் குளிர்கால மாசம். ஏனெண்டு பிறகுதான் விளங்கினது, அங்க ஜூன் முதலாம் திகதியில இருந்து செப்டெம்பர் 15 வரைக்கும் பகல் பத்து மணியில இருந்து மூண்டரை வரைக்கும் வெளிவேல செய்யக்கூடாதெண்டு சட்டம். நல்ல சட்டம்தான், ஆனா சைட்டுல இறக்க ஆளில்லாட்டி லொறி நிக்கும், லொறி நிண்டா ட்ரிப் குறையும்.

ஏஜென்சிக்குக் கட்ட என்ட காப்பும் மாலையும் ஈடு வெச்ச. அந்த வட்டிய ஒருத்தரும் சம்பளக் கணக்குல சேக்கிறல்ல. எங்களுக்கு நகை மீட்க பத்தொன்பது மாசம். மூண்டு வருசம் ஓடி வந்தவருக்கு இப்ப முதுகுத் தட்டு விலகி பாரம் தூக்க ஏலாது, சீனி வருத்தமும் வந்திட்டு, உக்காந்தே ஓடுறதும் ரொட்டியும் பெப்சியும் தான் காரணமெண்டு டொக்டர் ஏசினார்.

போகாதீங்க எண்டு சொல்லல்ல தம்பி, அந்தக் காசுலதான் மூத்தவ படிச்சா. போறதுக்கு முதல் கொப்பியில வட்டியோட கணக்குப் போட்டுப் பாருங்க. உம்மாவையோ கல்யாணம் கட்டப் போற புள்ளையையோ பக்கத்தில வெச்சிக்கிட்டுப் போடுங்க, நீங்க தனியப் போட்டா கூட்டித்தான் போடுவீங்க. ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துட லைசன் இரிக்கா, அது இன்னும் செல்லுபடியாகுதா எண்டு பணியகத்திலயே கேளுங்க, அவன் சுவத்துல மாட்டியிருக்கிற ஃப்ரேமப் பாத்து நம்பாதீங்க.

சம்மாந்துறைக் காக்கா:

தாத்தா சொன்ன வட்டிக் கணக்கு நான் விட்டுப்போட்ட கணக்கு. நான் வட்டிக்கு வாங்கல்ல, வாப்பாட காணித்துண்டு வித்த. அந்தக் காணி இப்ப என்ன விலை போகுது எண்டு கேக்காதீங்க, கேட்டா ஏழு வருசமும் நட்டம்.

திருக்கோவில் பொடியன்:

எல்லாருக்கும் சரியான நன்றி, தாத்தாக்கு விசேசமா. இண்டைக்கு ஏஜென்சிக்காரருக்குக் கோல் எடுத்தன். லொறி நிக்கிற நாளுக்கு என்ன தருவீங்க எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "தம்பி அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம், முதல்ல பாஸ்போட்டக் கொண்டு வாங்க, சீட் முடியப் போகுது" எண்டார். சீஈ இல்லாம எப்படி ட்ரெய்லர் எண்டு கேட்டன், அதுக்கும் அங்க போய்ப் பாக்கலாமாம். பாஸ்போட் அலுமாரிக்கத்தான் கிடக்கு, குடுக்கல்ல.

அம்மாவோட இருந்து கணக்கும் போட்டுப் பாத்த. மாமாட லொறிக்கும் அதே மாதிரிப் போட்டன், நிக்கிற நாளையும் சேத்து. வேப்பமரத்துக்குக் கீழ நிண்டது போன வருசம் 140 நாள். அம்மா ஒண்டும் சொல்லல்ல, நான் தான் கொப்பிய மூடினன். செங்கலடி அண்ணே, சீஈ எடுத்திட்டு உங்கட யாட்டில கேட்டுப் பாக்கலாமா? இன்பொக்ஸ்ல வாறன். நாளைக்கு விடிய பொலன்னறுவைக்கு நெல்லு லோட் ஒண்டிருக்கு, போய் வந்து கதைக்கிறன்.

செங்கலடிச் சந்தி:

வா தம்பி, பாத்துக்கலாம். நாளைக்கு பொலன்னறுவையில இறக்கிட்டு வெறும் லொறியாவா திரும்புற? வெலிக்கந்தையில என்ட சினேகிதன் ஒருத்தனுக்கு செங்கல் ஏத்தி வாழைச்சேனைக்குக் கொண்டு வரணும், லொறி தேடுறான். நம்பரை இன்பொக்ஸ்ல போட்டிருக்கன். ஏத்திறதுக்கு எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு முதல்லயே கேட்டுக்க.